ஃபைபர் இழுக்கும் முன்: கீழ்மலைக் கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேபிள் ஆபரேட்டர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, காமனூர் வட்டாரத்தில் கேபிள் தொழில் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேபிள் வழியாக வரும் இணைய இணைப்பைப் படிப்படியாக நிறுத்திவிட்டு ஃபைபருக்கு, அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக்கு, மாற்றப்போவதாக, வசூலுக்கு வந்த தம்பிகள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாறத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படி மாறப்போகிறீர்கள், யார் வீடு வரைக்கும் வரப்போகிறீர்கள் என்பதில்தான் என் கவலை. வாசலில் நின்று ரசீது கிழிக்கும் தம்பியிடம் சொல்லித் தீரும் கவலையில்லை என்பதால் மடலாக எழுதுகிறேன்.

நான் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா மாறுதல், கல்வி உதவித்தொகை, எஸ்டேட் தொழிலாளியின் பி.எஃப். பணம் என்று இந்த மலையில் ஒருவருக்கு அரசாங்கத்திடம் என்ன வேலை இருந்தாலும் அது என் மேசை வழியாகவும், உங்கள் ஒயர் வழியாகவும்தான் போகிறது. எட்டு மணி பஸ்ஸில் வருகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். இணைப்பு இல்லையென்றால் மறுநாளும் அதே கூலியை விட வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் நவம்பர். வடகிழக்குப் பருவமழை நம் மலையில் அடித்து ஊற்றும் மாதமும் அதுவே. எண்பது வயதுக்காரர் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கைரேகைக் கருவியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு இத்தனை பாடா என்று அவர் கேட்பார். என்னிடம் பதில் இருக்காது.

உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த மலையில் முதலில் ஒயர் இழுத்தது நீங்கள். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத காலத்தில், காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கம்பியைக் கட்டி, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு, பள்ளத்து வீடு வரைக்கும் டி.வி. கொண்டுவந்தீர்கள். டிஷ் வந்து உங்கள் வாடிக்கையாளர்களில் பாதியைக் கொண்டுபோனது. செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது கடன் வாங்கிப் பெட்டி வாங்கினீர்கள். இப்போது கைபேசியிலேயே படம் பார்க்கும் காலம் வந்து, மிச்சமிருப்பவர்களும் சந்தாவை நிறுத்துகிறார்கள். ஃபைபர் உங்களுக்குப் பிழைப்புக்கான கடைசி வழி என்பதை நான் அறிவேன். அது சரியாக நடக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கேபிளுக்கும் இந்த மலைக்கும் ஒத்துவரவில்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. போன மழைக்காலத்தில் என் மையத்தின் சுவரிலிருந்து உங்கள் ஆள் கழற்றிப் போட்ட கனெக்டரை எடுத்துப் பார்த்தேன். மரையைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நடுக்கம்பியில் செம்புப் பூச்சு உரிந்து உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்திருந்தது. வெள்ளைப் பின்னலைத் திருகியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மழை நேரடியாகப் படாத, தாழ்வாரத்துக்கு அடியில் இருந்த கனெக்டர் அது. மூடுபனி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. இப்படி வழிநெடுக எத்தனை கனெக்டர்கள், எத்தனை ஸ்ப்ளிட்டர்கள்! சிக்னல் தேய்ந்துபோகாமல் இருக்க இடையிடையே ஆம்ப்ளிஃபையர்; அந்த ஆம்ப்ளிஃபையருக்கு யாராவது ஒருவர் வீட்டிலிருந்து மின்சாரம். அந்த வீட்டில் கரன்ட் போனால் அதற்குக் கீழே உள்ள எல்லா வீட்டிலும் இணைப்புப் போய்விடும். இடி விழுந்தால் செம்புக் கம்பி அதை வரவேற்பறை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். மோடமும் டி.வி.யும் கருகாத வீடு இந்தத் தெருவில் குறைவு.

இன்னொன்று, பலருக்குப் புரியாத சங்கதி. கேபிளில் கீழிறக்க வேகம் ஓரளவு வந்தாலும் மேலேற்ற வேகம் ஏன் இப்படிச் சாகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். கேபிளின் அலைவரிசையில் பெரும்பகுதியை டி.வி. சேனல்களும் கீழிறக்கமும் எடுத்துக்கொள்கின்றன. நாம் அனுப்புவதற்கென்று அடியில் ஒரு சிறு இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு வீட்டு மிக்சியும் மோட்டாரும் தளர்ந்த கனெக்டர் வழியாக நுழைக்கும் இரைச்சல் எல்லாம் ஒன்றாய்ச் சேர்கிறது. படம் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஸ்கேன் செய்த சான்றிதழை அரசு இணையதளத்தில் ஏற்றுகிற எனக்கும், வீட்டிலிருந்தே கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதுவே உயிர்.

ஃபைபரில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. ஒரே ஒரு கண்ணாடி இழையில் 1490 நானோமீட்டர் ஒளி கீழே வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி மேலே போகிறது, ஒன்றையொன்று இடிப்பதில்லை. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், இன்று பரவலாக உள்ள ஜிபான் முறையில் உங்கள் கருவியின் ஒரு போர்ட்டுக்கு வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கீழிறக்கமும் 1.25 கிகாபிட் மேலேற்றமும் உண்டு. அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொண்டாலும் நம் தேவைக்கு மிஞ்சும். இழைகளுக்கு ஒளியை அனுப்பும், உங்கள் அறையில் உள்ள ஓ.எல்.டி. என்ற தலைமைக் கருவிக்கும் என் வீட்டுப் பெட்டிக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் எந்தப் பொருளும் இல்லை. 20 கிலோமீட்டர் வரை இடையில் ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே போகும். கண்ணாடி துருப்பிடிக்காது, மின்னலைக் கடத்தாது.

இத்தனை நல்ல பொருளை நம் மலையில் சில இடங்களில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

சமவெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்திடம் என் மையத்துக்கு முதலில் இணைப்பு வாங்கினேன். பெயர் வேண்டாம். முன்பணம் வாங்கியது ஒருவர், ஒயர் இழுத்தது வேறொருவர், பழுது பார்க்க வர வேண்டியவர் மூன்றாம் ஆள். ஒயரைச் சன்னல் மூலையில் கத்தி மடக்கியதுபோல் மடித்து, அதன் மேலேயே கிளிப்பை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துபோகும். வளைவைத் தாங்கும் வகை இழைக்கும் ஓர் எல்லை உண்டு. வெயில் காலத்தில் தட்டுத் தடுமாறி ஓடிய இணைப்பு, முதல் பெருமழையில் நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் புகார் எண் மட்டும் வந்தது. மலைக்கு ஆள் ஏறி வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. வந்தவருக்கு எந்த மரத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்றே தெரியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நான் நடந்தேன்.

உங்கள் ஆள்களுக்கு எந்த மரத்தில் எது இருக்கிறது என்பது தெரியும். அந்த அறிவுக்கு விலையே இல்லை. பெரிய நிறுவனம் வந்து, உங்கள் ஒயர் பாதையையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மொத்தமாக விலைபேசினால் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் இணையத்தை மொத்தமாக வாங்கி விற்கலாம், பங்குக்குத் தொழில் செய்யலாம்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பத்தில் ஏறுகிற ஆள் நம் ஊர் ஆளாக இருக்க வேண்டும். அவருக்கு ஸ்ப்ளைசிங், அதாவது இழை முனைகளை ஒட்டும் பயிற்சி கொடுங்கள். அது கைப்பழக்கத்தில் வருகிற வேலை. போன மாதம் மங்களங்கொம்புக்குப் போகும் வழியில் ஓர் இளைஞர் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அதைச் செய்வதைப் பார்த்து நின்றேன். மேலுறையை உரித்து, தலைமுடிப் பருமனுள்ள இழையை ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்து, கிளீவரில் வைத்து நறுக்கினார். இரண்டு முனைகளும் கருவியின் சின்னத் திரையில் எதிரெதிராக வந்து நின்றன. ஒரு முனையில் தூசு தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை, மழையும் வலுக்கிறது. அப்படியே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் மறுபடி உரித்து, மறுபடி துடைத்து, மறுபடி நறுக்கினார். நம் மலைக்கு வேண்டிய ஆள் அவர்.

கண்ணாடி ஏன் ஒளியை இழக்கிறது என்பதைச் சார்லஸ் காவ் 1966-இலேயே எழுதிவிட்டார்: குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அசுத்தத்தில் இருக்கிறது என்றார். 2009-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைய இழை 1310 நானோமீட்டர் ஒளியில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் (ஒளி இழப்பைச் சொல்லும் அலகு) மட்டுமே இழக்கிறது. அவசரத்தில் மாட்டிய ஓர் அழுக்குக் கனெக்டர் ஒரு டெசிபலைத் தின்றுவிடும். மூன்று கிலோமீட்டர் இழையின் இழப்பு உங்கள் ஆளின் இரண்டு விரல்களுக்கு நடுவில் நடந்துவிடுகிறது.

அதனால் என் முதல் வேண்டுகோள் மிகச் சிறியது, செலவே இல்லாதது. இணைப்புக் கொடுக்கும் நாளில், வந்து சேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் வரும் அளவை ஓர் அட்டையில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்; மைனஸ் எண் கூடக்கூட ஒளி குறைவு. பொதுவாகப் புழங்கும் வீட்டுப் பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும். பங்குனி வெயிலில் மைனஸ் 26 காட்டும் வீட்டுக்கு ஐப்பசி மழையில் இணைப்பு இருக்காது. நெட் வருகிறதல்லவா என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மைனஸ் 20, 22 வரும்வரை வழியில் உள்ள இணைப்புகளைச் சரிபாருங்கள். அட்டை இருந்தால் பழுது வரும்போது எத்தனை குறைந்திருக்கிறது என்று எந்த ஆள் வந்தாலும் உடனே தெரிந்துகொள்வார்.

கடைமடை வீடுகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். என் மனத்தை அறுப்பது இதுவே.

நம் மலையில் வீடுகள் தெருவாக இல்லை. சாலையோரம் பத்து வீடு, அப்புறம் ஒரு தோட்டம் தாண்டி இரண்டு, பள்ளத்தில் ஒன்று. இதற்கு நீங்கள் கப்ளர் முறையைக் கையாள்கிறீர்கள்: போகிற இழையில் ஒவ்வோர் இடத்திலும் பத்தில் ஒரு பங்கு ஒளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த இடத்துக்கு அனுப்புவது. சிக்கனமான வழி. ஆனால் கணக்குப் போடாமல் கப்ளருக்கு மேல் கப்ளராகக் கோத்துக்கொண்டே போனால் கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. கேபிளில் கடைசியில் இருந்தவர் ஃபைபரிலும் கடைசியிலேயே நிற்பார். பழங்குடிக் குடியிருப்புகளும் தோட்டத் தொழிலாளர் லயன்களும் (வரிசை வீடுகள்) பெரும்பாலும் கடைசியில் இருக்கின்றன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊரடங்குக் காலத்தில் சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் குடியிருப்புகளில்தான். இழை இழுக்கும் முன், கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்த வீட்டுக்கு என்ன ஒளி வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு முன்னால் வாருங்கள்.

லாபமில்லை என்பீர்கள். ஒரு வீட்டுக்காக எண்ணூறு மீட்டர் இழுத்தால் கட்டுப்படியாகாது என்பது உண்மை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனமான டான்ஃபிநெட் ஏற்றிருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் அந்த இழையிலிருந்து நீங்கள் கிளை எடுக்க முடியுமா என்று சங்கமாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனித்தனியாகப் போனால் மேசைக்கு மேசை அலையவிடுவார்கள். மனு எழுதித் தர நான் இருக்கிறேன்.

பழைய கேபிளை எப்போது அறுக்கப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். புதிய இழை போய்ச் சேராத வீட்டின் பழைய ஒயரை அறுக்காதீர்கள். சாலையோர வீடுகள் எல்லாம் மாறிவிட்ட பிறகு, ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொடுத்தவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அதற்குப் பிறகு பள்ளத்து வீட்டில் டி.வி.யும் இருக்காது, நெட்டும் இருக்காது. தனியாக இருக்கும் பாட்டிமார்களுக்கு இரவில் பேச்சுத் துணை அந்த டி.வி. ஒன்றே. அதே இழையில் 1550 நானோமீட்டர் ஒளியில் டி.வி. சேனல்களையும் அனுப்பலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய பழைய செட்டாப் பாக்ஸ் அப்படியே ஓடும்படி செய்து கொடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு சொல். ஃபைபர் வந்தால் கரன்ட் போனாலும் நெட் வரும் என்று வசூல் தம்பி சொன்னார். பாதிதான் உண்மை. வழியில் மின்சாரம் வேண்டாம்; இரண்டு முனைகளிலும் வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று நாங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஓ.எல்.டி. இருக்கும் உங்கள் அறையில் இன்வெர்ட்டரும், இரவு முழுக்கத் தாங்கும் பேட்டரியும் வையுங்கள். மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் நம் பக்கம் மறுநாள் மதியம் வரைக்கும் இருட்டு என்பது புதிய செய்தியா?

2018 நவம்பரில் கஜா புயல் மேற்கே நகர்ந்து நம் மலையைத் தாண்டியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததையும், ஊரே வெளியுலகத் தொடர்பு அற்றுக் கிடந்ததையும் நீங்களும்தான் பார்த்தீர்கள். ஒரே பாதையில் வரும் இழை, மண்சரிவிலோ ஜேசிபியின் ஒரே கொத்திலோ போய்விடும். கீழ்மலைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: வத்தலக்குண்டு சாலையில் ஊத்து வழியாக ஒன்று, சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஒன்று. ஊத்துப் பக்கம் இருப்பவரும் பெரும்பாறைப் பக்கம் இருப்பவரும் போட்டியாளர்கள் என்பது தெரியும். ஆனாலும் நடுவில் இரண்டு இழைகளைக் கைகோத்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக மலை முழுக்க நெட் ஓடும். வாடிக்கையாளரைப் பகிர வேண்டாம், அவசரத்துக்குப் பாதையை மட்டும் பகிருங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல முடியாத ஓர் இரவு இனி இந்த மலையில் வேண்டாம்.

வேலைத்தரத்தில் இன்னும் சில. வீட்டுக்கு வரும் ஒயருடன் தாங்குகம்பியாக இரும்பு இருந்தால், அதை வீட்டுக்கு வெளியே கடைசிக் கம்பத்திலேயே வெட்டி நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி கடத்தாத மின்னலை அந்த இரும்பு கடத்தும். சுவரில் நுழையும் இடத்துக்கு முன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள்; மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜாயின்ட் பெட்டியின் ரப்பரை ஒழுங்காக உட்காரவைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுவது போதாது. காற்றில் ஆடும் சில்வர் ஓக்கில் ஒயரை விறைப்பாகக் கட்டாதீர்கள். முடிந்த இடத்தில் தனிக் கம்பம் நடுங்கள்.

இதற்கெல்லாம் எங்கள் பங்கு என்ன என்று நீங்கள் கேட்பது நியாயம். நிழல்மரங்களைக் கவாத்து செய்யும்போது வெட்டிய கிளை ஒயரின் மேல் விழுவதும், மிளகு பறிக்க ஏணியைச் சாத்தும்போது ஒயர் அதற்குள் மாட்டி அறுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. தோட்டக்காரர்களிடம் நான் பேசியிருக்கிறேன். கவாத்துக்கு முதல் நாள் உங்களுக்குத் தகவல் சொல்ல அவர்கள் சம்மதிக்கிறார்கள். ஒயரில் சிவப்புத் துணியோ உங்கள் தொலைபேசி எண் எழுதிய தகடோ கட்டிவைத்தால் ஏணி வைக்கிறவர் பார்த்து வைப்பார். தன் வரப்பில் கம்பம் நட இடம் தருவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். எழுதியும் வாங்கித் தருகிறேன். கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூடினாலும் மலையிலேயே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் தெரு சொல்கிறது. முன்பணமாக ஆறு மாதச் சந்தாவைக் கட்டவும் பலர் தயார். அந்தப் பணம் கடைசி வீடுகளுக்கான ஒயருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எங்கள் நிபந்தனை.

எந்தெந்தக் குடியிருப்புக்கு எந்த மாதம் இழை வரும், எதற்கு வராது என்று ஒரு தாளில் எழுதி என் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வராது என்ற இடங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். தை மாதத்துக்குள் அந்தத் தாள் வந்தால், முன்பணம் கட்ட விரும்புகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அன்றைக்கே உங்களிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்மலையில் இ-சேவை மையம் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்